பானுப்ரியாவின் இரட்டை எங்கே?

"இரட்டையர்னு போட்டிருக்குது. நீ ஒருத்திதான வந்துகிற? கூடப் பொறந்தவங்க எங்கம்மா?"

கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த இளநிலை உதவியாளர் எழிலன் இதைக் கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார். கொடுமை அதுதான்.

"கூடப் பொறந்தவங்க இல்ல சார். கூட ஆடுனவங்க. டென்னிஸ்."

"அப்ப ஏன் இரட்டையர்னு போடறீங்க? ரெட்டைப் புள்ளைங்கன்னா ரெண்டு பேரோட பொறப்பு சர்டிபிகேட்டும் வைக்கணும். இல்லன்னா மேல தள்ளுபடி பண்ணிடுவாங்க."

ஒரு பக்கத்துக்கு இரண்டு பேராக நின்று ஆடும் டென்னிஸுக்கும் தமிழில் இரட்டையர்தான், ஒரே பிரசவத்தில் பிறந்த பிள்ளைகளுக்கும் இரட்டையர்தான். தெருவில் போகிறவர் குழம்பினால் மன்னிக்கலாம். விளையாட்டு வீரர்களுக்கான ஒதுக்கீட்டில் வேலை கொடுப்பதற்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கும் அலுவலகம் குழம்பலாமா? அது எந்தத் துறை என்று எழுத வேண்டாம் என்று பானுப்ரியா கேட்டுக்கொண்டார். மனு இன்னும் அங்கேதான் இருக்கிறது. திருத்தணியில் பைபாஸ் ஓரம் இருக்கிற ஒரு கட்டடம் என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எழிலன் அப்படிக் கேட்ட அன்று, பானுப்ரியாவுக்கு முப்பத்தைந்து வயது முடிய இருபத்தெட்டு நாள் இருந்தது. முடிவதற்குள் மனு பதிவாக வேண்டும். பதிவாகாவிட்டால் பதினோரு வருட ஆட்டத்துக்கு இந்த அரசாங்கத்தில் மதிப்பு ஒன்றுமில்லை.

ஊர் அம்மையார்குப்பம். அப்பா பரந்தாமன் நாலு விசைத்தறி ஓட்டுகிறார். விசைத்தறிக் கொட்டகைக்குள் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே வாய் இருந்தும் பயன் இல்லை. பேச்செல்லாம் கையில்தான். ஆட்காட்டி விரலை மடக்கினால் இழை அறுந்தது. உள்ளங்கையைக் கவிழ்த்து இரண்டு தடவை அமுக்கினால் தறியை நிறுத்து. பரந்தாமனுக்கு அந்தச் சத்தத்தில் காது பாதி போய்விட்டது. வெளியே வந்தாலும் கத்தித்தான் பேசுவார். முக்கியமான விஷயமென்றால் கையால் சொல்வார்.

படிப்புக்காகப் பானுப்ரியா அரக்கோணத்தில் மாமா சடகோபன் வீட்டுக்குப் போனார். மாமா ரயில்வேயில் ஃபிட்டர். மாலையில் நண்பர்களோடு டென்னிஸ் ஆடுவார். அதில் ஒருவருக்கு மாற்றல் வந்து, ஆட்டத்துக்கு நாலாவது ஆள் இல்லாமல் போயிற்று. யாரும் பானுப்ரியாவுக்கு டென்னிஸ் சொல்லித்தரவில்லை. "நெட்டாண்ட நின்னுக்கோ, வந்தா தட்டு, வராட்டி வுட்டுடு" என்றார்கள், அவ்வளவுதான். வலைக்குப் பக்கத்தில் நிறுத்தப்பட்டவர் கடைசி வரைக்கும் வலைக்குப் பக்கத்திலேயே நின்றார். ஒற்றையர் ஆடவே இல்லை. எதிரே ராக்கெட் திரும்பும்போதே பந்து எங்கே வரும் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

திருத்தணி மலைப்படி ஏறித்தான் காலுக்கு வலு வந்ததா என்று கேட்காத ஆள் இல்லை. இல்லை. அவருக்கு வலு வந்தது அரக்கோணத்து மின்சார ரயிலில் தினமும் கல்லூரிக்கு நின்றுகொண்டே போனதில். இருபத்து மூன்று வயதில் தொழில்முறை ஆட்டக்காரரானார்.

அந்தத் தொழில் எப்படிப்பட்டது என்று வெளியே தெரிவதில்லை. போட்டிக்கு முதல் நாள் மாலைக்குள் இரண்டு பேரும் சேர்ந்து பெயர் கொடுக்க வேண்டும். ஜோடி வரவில்லையென்றால் சோலாப்பூர் வரை போய் வந்த டிக்கெட் வீண். கூட ஆடுகிறவர் இன்று ஒற்றையரில் நாலு ரவுண்டு தாண்டிவிட்டால், நாளைக்கு அவருக்கு முதுகு பிடித்துக்கொள்ளும். அவருக்கு முதுகு பிடித்தால் இவருக்கும் போட்டி போச்சு. பதினோரு வருடத்தில் பானுப்ரியாவுக்கு இருபத்து மூன்று ஜோடிகள். ஒவ்வொருவரும் எந்தப் பந்தை விடுவார், எப்போது கோபப்படுவார், தோற்கும்போது யாரைத் திட்டுவார் என்பதையெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தார். ஒன்பது பட்டம் வாங்கினார். உலகத் தரவரிசையில் நூற்று அறுபத்தெட்டு வரை போனார். கோர்ட் மட்டும் எப்போதும் கடைசிக் கோர்ட்தான். நாற்காலி அடுக்கிவைக்கிற பக்கம்.

இருபத்தொன்பது வயதில் ஆசிய அளவிலான ஒரு போட்டியில் தங்கம். கூட ஆடியவர் கயல்விழி. சென்னையில் வளர்ந்தவர். ஒற்றையரில் பெயர் வாங்கியவர். அந்தப் போட்டியில் ஒற்றையரில் அவர் முதல் ரவுண்டிலேயே தோற்றார் என்பதை இங்கே எழுதித்தான் ஆகவேண்டும்.

இறுதி ஆட்டம் கடைசி டைபிரேக்குக்குப் போனது. ஒன்பதுக்கு எட்டு, இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் தங்கம். கயல்விழி பின்னாலிருந்து சர்வ் போட வேண்டும். வலையருகே நின்ற பானுப்ரியா முதுகுக்குப் பின்னால் இரண்டு விரலைக் காட்டினார். ஒரு விரல் என்றால் இருக்கிற இடத்திலேயே நிற்பேன். இரண்டு என்றால் குறுக்கே பாய்வேன், என் இடத்தை நீ பார்த்துக்கொள். சர்வ் போனது, பந்து திரும்பியது, பானுப்ரியா குறுக்கே பாய்ந்து தட்டினார். முடிந்தது.

மறுநாள் பத்திரிகைகளில் படம் வந்தது. கயல்விழி ராக்கெட்டை ஓங்கி நிற்கிறார். ஓரத்தில் யாருடையதோ ஒரு கை, இரண்டு விரல். உடம்பை வெட்டிவிட்டார்கள். அந்தப் படத்தையே எடுத்துத் திருத்தணி பேருந்து நிலையத்தில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். திருவாலங்காட்டில் கயல்விழியின் அப்பாவுக்குக் கரும்புத் தோட்டம் இருக்கிறதாம். அதனால் 'மண்ணின் மகளே வருக!' என்று எழுதியிருந்தார்கள். இருபது கிலோமீட்டருக்குள் பிறந்து வளர்ந்த மகளுக்கு ஃபிளெக்ஸில் கிடைத்தது மணிக்கட்டு வரைக்கும் இடம்.

"இது உன் கையாமே? தங்கம் வாங்கற நேரத்துல ரெண்டுக்கு வந்துடுச்சா?" என்று டீக்கடையில் கேட்டார்கள். பள்ளிக்கூடத்தில் இரண்டு விரல் காட்டினால் அதுதானே அர்த்தம். பானுப்ரியாவும் சிரித்தார். அன்றைக்குச் சிரிக்க முடிந்தது.

கயல்விழிக்கு அந்தத் தங்கத்துக்காக அதிகாரி வேலை கிடைத்தது. மனுப் போட்டு மூன்றே மாதம். பானுப்ரியா அப்போது மனுப் போடவில்லை. ஆடிக்கொண்டிருந்தார். ஐந்து வருடம் கழித்து வலது முட்டி போனபோதுதான் போட்டார்.

எழிலனிடமிருந்து மனு கண்காணிப்பாளர் ஹேமநாதன் மேசைக்குப் போனது. அவர் நிதானமாகப் பேசுகிறவர். குரலை உயர்த்தாமலே ஒருவரை இல்லாமல் ஆக்கிவிடத் தெரிந்தவர்.

"இந்தச் சான்றிதழ் நம்பர் ஏற்கெனவே யூஸ் ஆயிடுச்சும்மா. கயல்விழிக்கு நியமனம் குடுத்தாச்சு. ஒரு தங்கத்துக்கு ஒரு வேலை."

"தங்கம் ரெண்டு சார். ஆளுக்கு ஒண்ணு." பானுப்ரியா பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார்.

"மெடல் ரெண்டா இருக்கலாம். சான்றிதழ் நம்பர் ஒண்ணுதானே? அதுவுமில்லாம உங்களை எதுல சேக்கறது? தனிநபர்னா நீங்க தனியா ஆடல. குழுன்னா கொறஞ்சது நாலு பேரு இருக்கணும்னு சுற்றறிக்கை."

"கயல்விழி எதுல போட்டாங்க?"

"தனிநபர். அவங்க சிங்கிள்ஸ் பிளேயராச்சே."

"அந்தத் தங்கம் சிங்கிள்ஸ்ல வாங்கனது இல்லையே சார்."

ஹேமநாதன் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு, உதவி செய்கிற குரலில் ஒரு வழி சொன்னார். 'மேற்படி போட்டியில் நான் செல்வி கயல்விழிக்குத் துணை ஆட்டக்காரராக மட்டுமே கலந்துகொண்டேன். வெற்றியில் உரிமை கோரமாட்டேன்.' இப்படி ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டால், மனு வென்றவர்கள் கணக்கில் வராது, பங்கேற்றவர்கள் கணக்கில் வரும். அலுவலக உதவியாளர் வேலை ஒன்று காலியாக இருக்கிறது. இல்லையென்றால், வெற்றியில் இவருக்கும் பங்கு உண்டு என்று கயல்விழியே எழுதித் தர வேண்டும்.

பானுப்ரியா கயல்விழிக்குப் போன் போட்டார். "நீ இல்லாம அந்த மேட்ச்சே இல்லடி, எனக்குத் தெரியாதா?" என்றார் கயல்விழி. "ஆனா எழுத்துல குடுத்தா என் ஆர்டர்ல கை வெச்சிடுவாங்களோன்னு வீட்ல பயப்படறாங்க பானு. லாயரைக் கேட்டுட்டுச் சொல்றேன்." லாயர் என்ன சொன்னாரோ, அதன்பிறகு அந்த எண்ணில் மணி மட்டும் அடித்தது. பதினெட்டு மாதம் ஜோடி சேர்ந்து, பானுப்ரியா முதுகுக்குப் பின்னால் காட்டிய விரலை நம்பி ஆடியவர்!

வீட்டில் பரந்தாமன் தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். "எழுதிக் குடுத்துடு பாப்பா! துணையோ கிணையோ, வேலை வேலைதான? உன் முட்டி இன்னும் எத்தினி நாளு தாங்கும்?"

"நைனா, நான் ஜெயிக்கலன்னு நானே எழுதணுமாம்."

"எழுதிட்டா ஜெயிச்சது இல்லன்னு ஆயிடுமா? போய்க் குடு. நானும் வரேன்."

முப்பத்தைந்து முடிய இரண்டு நாள். அன்று ஆடிப் பரணி. மறுநாள் கிருத்திகை, உள்ளூர் விடுமுறை. ஆக, அதுதான் கடைசி வேலைநாள். ஊர் முழுக்கக் காவடி. பேருந்தை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். மஞ்சள் துணிக் கூட்டத்துக்குள் புகுந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு மகளும், வழி விடச் சொல்லிக் கத்திக்கொண்டு அப்பாவும் அலுவலகம் வந்து சேர்ந்தபோது மணி நாலு. பாதி நாற்காலிகள் காலி.

ஹேமநாதன் கடிதத்தைத் தட்டச்சு செய்தே வைத்திருந்தார். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. பரந்தாமன் கதவோரம் பெஞ்சில் உட்கார்ந்தார். எழிலனுக்கு ஒரு மாதமாகவே ஓர் ஆசை. "ஏம்மா, அந்த மேட்ச்சு வீடியோ எதனா வெச்சிருக்கியா? எப்படித்தான் ரெண்டு பேரு ஆடறாங்கன்னு பாக்கறேன்."

போனில் நாலு நிமிடத் துண்டு ஒன்று இருந்தது. எழிலன் அதைப் பெஞ்சுக்குக் கொண்டுபோய்ப் பரந்தாமன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். பரந்தாமன் மகள் ஆடி அதுவரை பார்த்ததில்லை. பேருந்து நிலையத்து ஃபிளெக்ஸைத்தான் பார்த்திருந்தார். அதில் கை மட்டும்தானே இருந்தது. இப்போது அந்தக் கைக்கு உடம்பு இருந்தது. முதுகுக்குப் பின்னால் விரல் நீள்கிறது. பின்னால் நிற்கிற பெண் தலையாட்டுகிறாள். சர்வ் போகிறது.

"அடப்பாவி, நம்ம கொட்டாய்ல பேசற மாதிரி இல்ல பேசுது!" என்று பரந்தாமன் கத்தினார். பானுப்ரியா பாய்ந்து பந்தைத் தட்டியதும் எழிலன் போனைத் திரும்பவும் முதலிலிருந்து ஓடவிட்டார்.

"சார், கடைசிப் பந்து இவங்கதான் அடிச்சாங்க" என்றார் எழிலன், ஹேமநாதனைப் பார்த்து.

"சர்வ் போட்டது யாரு?"

"அது அவங்க."

"அப்ப எப்படிய்யா இவங்க ஜெயிச்சாங்கன்னு எழுதறது?"

பானுப்ரியா பேனா மூடியைக் கழற்றியிருந்தார். கையெழுத்துக்கு முன்னால் ஒரு தடவை பெஞ்சுப் பக்கம் பார்த்தார். பரந்தாமன் எழுந்து நின்றிருந்தார். உள்ளங்கையைக் கவிழ்த்து இரண்டு தடவை அமுக்கினார்.

தறியை நிறுத்து.

பானுப்ரியா பேனாவை மூடினார்.

"கையெழுத்து இல்ல சார். என் மனுவை அப்படியே வாங்கிக்கினு சீல் வெச்சுக் குடுங்க."

"தனிநபரும் இல்ல, குழுவும் இல்ல. எதுலம்மா பதிவு பண்றது?"

"அது நீங்க கண்டுபிடிக்க வேண்டியது சார். நான் ஆடனது ரெண்டு பேர் ஆட்டம். அத உங்க புஸ்தகத்துக்காக ஒரு ஆள் ஆட்டமா மாத்த முடியாது."

"சீல் வைக்காம நாங்க போவ மாட்டோம்!" என்றார் பரந்தாமன். அது காவடி மேளத்தையும் தாண்டி வாசலில் கேட்டிருக்கும். "பாவு நூலு நிக்குது, ஊடை நூலு குறுக்கால ஓடுது. எது துணிய நெய்ஞ்சதுன்னு எவனாச்சும் கேப்பானா?"

"மெதுவா பேசுங்க பெரியவரே."

"மெதுவாத்தான் பேசறேன்!"

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது எழிலன் பதிவேட்டை எடுத்தார். தனிநபர் என்று ஒரு பத்தி, குழு என்று ஒரு பத்தி. ஸ்கேலை வைத்து ஓரத்தில் ஒரு கோடு இழுத்தார். மேலே 'இரட்டையர்' என்று எழுதி, கீழே ஒன்று என்று எண் போட்டு, தேதியோடு முத்திரை குத்திய ரசீதைக் கொடுத்தார். ஹேமநாதன் பார்த்தார். தடுக்கவும் இல்லை, கையெழுத்துப் போடவும் இல்லை. குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வயது அந்த முத்திரையோடு நின்றது. வேலை வரவில்லை. பத்து வாரம் கழித்து ஒரு பதில் வந்தது, மேலிடத்திலிருந்து. யாரோ அந்தப் புதிய பத்தியைப் படித்திருக்கிறார்கள். இரண்டே வரி. 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது. தங்களுடன் பிறந்த இரட்டையரின் பிறப்புச் சான்றிதழை உடன் அனுப்பிவைக்கவும்.'

இதைப் படித்துவிட்டுச் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். ஒரு நாட்டுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்தவரை அந்த நாட்டின் அலுவலகம் ஒன்று, நீ யார் என்று கேட்கக்கூட மெனக்கெடவில்லை. உன் மறுபாதி எங்கே என்று கேட்கிறது. மறுபாதி அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். விலாசம் அவர்களிடமே இருக்கிறது.

பானுப்ரியா திருத்தணி தபால் நிலையத்திலிருந்து பதிவுத் தபாலில் பதில் அனுப்பினார். முட்டிக்குப் பட்டை கட்டிக்கொண்டு கலபுரகிக்கு ரயில் ஏற வேண்டிய நாள் அது. மறுநாள் மாலை ஆறு மணிக்குள் இருபத்து நாலாவது ஜோடியோடு பெயர் கொடுக்க வேண்டும். வெட்டாத முழுப் படத்தின் பிரதி ஒன்றை இணைத்து, கையாலேயே எழுதினார்:

'எனக்கு உடன்பிறந்த இரட்டை யாரும் இல்லை. ஆடியது இரண்டு பேர். படத்தில் வலைக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டி நிற்பது நான்.'