நீக்கப்பட்ட இருபத்தேழு எண்கள்

மூடிப்போன சுரங்கத்தின் ஆய்வுக்கூடத்தில் அவளுக்குச் 'சராசரி' என்று பெயர். கேலிக்கு வைத்த பெயர்தான். அவள் சண்டைக்குப் போகவில்லை. சண்டைக்குப் போகிற சுபாவம் இருந்திருந்தால் பதினொரு வருஷம் அந்த ஜன்னலோர மேசையில் தாக்குப்பிடித்திருக்க மாட்டாள்.

வேலை இதுதான். சுரங்க வாயிலிலிருந்து கசிகிற தண்ணீரை வாரம் ஒருமுறை புட்டியில் பிடித்து வருவார்கள். அமிலம் எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று கெமிஸ்ட் அளந்து சொல்வார். அவள் அதை அட்டவணையில் ஏற்றி, வருஷக் கடைசியில் சராசரி போட்டு, அறிக்கையில் கையெழுத்திடுவாள். சராசரியை விட்டு ரொம்ப தூரம் விலகி நிற்கிற எண்ணை நீக்கிவிட வேண்டும் என்பது தலைமை அலுவலகத்தின் விதி. புட்டியைச் சரியாகக் கழுவவில்லை, மூடி இறுகவில்லை என்று காரணத்துக்கா பஞ்சம்? அவளும் நீக்கினாள். ஆனால் எதையும் தூக்கிப்போட மனசு வராத பிறவி. நீக்கியதையெல்லாம் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வைத்தாள்.

பன்னிரண்டாம் வருஷம், தண்ணீர் தானாகவே தேறிவிட்டது, இனி சுண்ணாம்பு நிலையம் வேண்டாம் என்று பேச்சு கிளம்பியது. கசிவில் சுண்ணாம்பைக் கலந்து, அமிலத்தை முறித்து, ஓடையில் விடுகிற நிலையம் அது. கரையோரத்து நானூறு வீடுகளும் குடிப்பது அந்த ஓடைத் தண்ணீரை. அவள் புருஷனுக்கு வேலை அந்த நிலையத்தில்.

கடைசி அறிக்கைக்காக மழை அளவுப் பதிவேட்டை எடுத்தவள், என்ன தோன்றியதோ, நோட்டையும் பக்கத்தில் விரித்தாள். நீக்கிய எண்கள் இருபத்தேழு. அதில் இருபத்தைந்து, அந்தந்த வருஷத்தின் முதல் மழைக்குப் பிந்திய மூன்று வாரங்களுக்குள் வந்தவை. வறண்ட மாதங்களில் பாறையில் பூத்துக் கிடக்கிற, அமிலமும் செம்பும் கலந்த உப்பையெல்லாம் முதல் மழை ஒரேயடியாகக் கரைத்து இழுத்து வந்திருக்கிறது. புட்டி மேல் ஒரு குற்றமும் இல்லை. நஞ்சு வந்த வாரங்களைத்தான் அவள் வருஷா வருஷம் தன் கையாலேயே அடித்திருக்கிறாள்.

அவள் கொண்டுபோய் நீட்டிய நோட்டை மேலாளர் நிதானமாகப் புரட்டினார்.

"உங்க வீட்டுக்காரர் சுண்ணாம்பு நிலையத்துலதானேம்மா?"

"ஆமா சார்."

"அதை மூடினா அவர் வீட்ல உக்காரணும். சரியா இந்த நேரம் பார்த்து உங்களுக்கு நோட்டு கிடைச்சிருக்கு."

"தேதியைப் பாருங்க சார். மழையையுமா நான் சொல்லி வெச்சேன்?"

"தண்ணி நல்லாருக்குன்னு பதினொரு அறிக்கையில கையெழுத்து போட்டது யாரு?"

"நான்தான்."

"அப்ப எழுதினது தப்பா, இப்ப சொல்றது தப்பா? ஒண்ணைச் சொல்லுங்க. அப்படியே மேல எழுதிடறேன்."

"அப்ப எழுதினதுதான் சார் தப்பு."

அவர் சொன்னபடியே எழுதினார். தவறு செய்ததாக வாயாலேயே ஒப்புக்கொண்டவரின் நோட்டை நம்புவதற்கில்லை என்று மேலிடம் தள்ளியது. அவள் போட்ட பதினொரு சராசரிகளை மட்டும் விதிப்படி போட்டவை என்று அப்படியே எடுத்துக்கொண்டது. நிலையத்துக்குப் பூட்டு விழுந்தது. அவளைச் சாமான் கிடங்குக்கு மாற்றினார்கள்.

"வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா உன் நாற்காலியாவது மிஞ்சியிருக்கும்" என்றான் புருஷன்.

கோடை முடிந்து இரண்டு நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் காலையில் அவள் ஓடைக்கரையிலிருந்த நாத்தனார் வீட்டுக்கு நடந்தாள்.

"மூணு வாரத்துக்கு ஓடைத் தண்ணி வேணாம். எங்க வீட்டுக்கு வந்து பிடிச்சுக்கோ. மேட்டுத் தெருக் குழாயில நல்ல தண்ணி வருது."

நாத்தனார் வாளியைக் கழுவிக்கொண்டே சிரித்தாள். "பதினொரு வருஷமா நல்ல தண்ணின்னு எழுதினது நீங்கதானே அண்ணி? அண்ணனுக்கு வேலை போனதும் விஷமாயிடுச்சாக்கும்."

"அப்ப நான் தப்பா..."

"போங்க அண்ணி, அடுப்புல உலை வைக்கணும்."

வாளியை எடுத்துக்கொண்டு நாத்தனார் ஓடைக்கு இறங்கினாள். தண்ணீர் பளிங்குபோல் தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது.