மூன்று கோடு போட்ட வறட்டி

தக்காளியை வைத்து ஒரு குடும்பத்தில் சண்டை வருமா என்று கேட்டால், வரும் என்று நான் அடித்துச் சொல்லுவேன். எங்கள் வீட்டில் வருஷம் தவறாமல் வந்தது. பங்குனி பிறந்தால் போதும், அடுத்த வருஷத்துக்கு எந்தத் தக்காளிக்கு விதை எடுப்பது என்று நானும் என் வீட்டுக்காரரும் கொல்லையில் முறைத்துக்கொண்டு நிற்போம். அவர் நாட்டுத் தக்காளிக் கட்சி. நான் பெங்களூர்த் தக்காளிக் கட்சி.

அப்போது நாங்கள் ஆவடியில் பாக்டரி குவார்ட்டர்ஸில் இருந்தோம். அறுபதுகளின் நடுவில், கல்யாணமான கையோடு செய்யாற்றுப் பக்கத்திலிருந்து என்னைக் கூட்டிக்கொண்டு வந்து அங்கே வைத்தார். வீட்டுக்குப் பின்னால் காம்பவுண்டுச் சுவர் வரைக்கும் ஒரு துண்டு நிலம் கிடந்தது. அதை நிலம் என்று சொன்னால் நிலம் கோபித்துக்கொள்ளும். வீடு கட்டியபோது கொட்டிய செங்கல் பொடியும் சரளையும்தான். ஷிப்ட் முடிந்து வந்ததும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கடப்பாரையைத் தூக்குவார். திருமுல்லைவாயிலிலிருந்து வந்து எங்களுக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்த அம்மா, கூடை கூடையாக எருவைக் கொண்டுவந்து கொட்டினாள். குழாயில் காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும். பாத்திரம் கழுவுகிற தண்ணீரை வாய்க்கால் வெட்டிச் செடிக்கு விட்டோம். இரண்டு மூன்று வருஷத்தில் அந்தச் சரளை மண் காய்க்க ஆரம்பித்துவிட்டது.

மழை ஓய்ந்து கார்த்திகையில் விதை தெளித்து நாற்று விடுவோம். தைக் கடைசியிலும் மாசியிலும் பழம். பங்குனியில் விதைக்கு விடவேண்டும். நல்ல செடியாகப் பார்த்து, அதில் ஒரு பழைய துணிக்கிழிசலை அவர் கட்டிவிடுவார். துணி கட்டிய செடியில் யாரும் கை வைக்கக் கூடாது. ஒருமுறை தெரியாமல் அதிலிருந்து ஒரு பழத்தைப் பறித்துக் குழம்பில் போட்டுவிட்டேன். அன்றைக்கு அந்தக் குழம்பை அவர் தொடவேயில்லை, மோர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்தார்.

நாட்டுத் தக்காளியைப் பார்த்தால் சகிக்காது. சின்னது, சப்பை, மேலெல்லாம் வரிவரியாக இருக்கும். பறித்த மறுநாளே கசிய ஆரம்பிக்கும். ஆனால் புளிப்பு என்றால் அப்படி ஒரு புளிப்பு. பெங்களூர்த் தக்காளி உருண்டையாக, வழவழவென்று, ஒரு வாரம் கூடையில் கிடந்தாலும் அலுங்காமல் இருக்கும். என் மகள் அதை நறுக்கிச் சர்க்கரை தொட்டுத் தின்பாள். நாலு பேர் வந்தால் கொடுக்கவும் லட்சணமாக இருக்கும். அவரிடம் இதைச் சொன்னால், "அது தக்காளியா, பந்தா? ரசத்துல போட்டா தண்ணிக்கும் அதுக்கும் வித்தியாசம் தெரியல" என்பார். கடைசியில் கொல்லை முழுக்க நாட்டுத் தக்காளியும், குழாயடி மூலையில் எனக்கும் மகளுக்குமாக நாலைந்து பெங்களூர்ச் செடியும் என்று முடியும். ஒரு வருஷமாவது கொல்லை முழுவதையும் பிடித்துவிட வேண்டும் என்று எனக்கு வெறி. விட்டுக்கொடுக்கிற மனுஷனா அவர்.

எழுபதுகள் பிறந்து கொஞ்ச காலத்தில் அவருக்கு வயிற்று வலி வந்தது. முதலில் வாயு என்றார்கள், பிறகு அல்சர் என்றார்கள். உடம்பு கொடிபோல ஆனபிறகு பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு, செய்வதற்கு ஒன்றுமில்லை என்று அப்படியே தைத்துவிட்டார்கள். டாக்டர் இதைச் சொன்னது அவரோடு ஒரே மிஷினில் வேலை செய்த திருநெல்வேலிக்காரரிடம். எங்களுக்குத் துணையாக லீவு போட்டுவிட்டு வந்திருந்தார் அவர். வராந்தாவில் என்னைத் தள்ளிக் கூட்டிக்கொண்டுபோய் விஷயத்தைச் சொன்னவர், கடைசியில், "அண்ணாச்சிகிட்ட சொல்ல வேண்டாம் மதினி. அல்சர்னே இருக்கட்டும்" என்றார். நானும் தலையை ஆட்டினேன். அதற்கப்புறம் வீட்டில் எல்லோரும் அல்சர், அல்சர் என்றே பேசிக்கொண்டிருந்தோம். புளிப்பு ஆகாது என்று நானே கண்டித்துச் சொல்லி, அவர் தட்டில் ரசத்தை நிறுத்தினேன். நடிப்பில் எனக்கு ஈடில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பங்குனி வந்தது. கொல்லை வேப்பமரத்து நிழலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு அவரை உட்கார வைத்திருந்தோம். மகள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பெங்களூர்த் தக்காளியைச் சர்க்கரை தொட்டுத் தின்றுகொண்டிருந்தாள். நான் ஒரு தட்டில் நாட்டுத் தக்காளி ஒன்றும் பெங்களூர்த் தக்காளி ஒன்றும் வைத்துக்கொண்டு போய், வேண்டுமென்றே வம்புக்கு இழுத்தேன். அடுத்த வருஷம் கொல்லை முழுக்க பெங்களூர்தான், இந்தச் சப்பைத் தக்காளிக்கு இனி இடமில்லை என்றேன். அவர் சண்டைக்கு வரவேண்டும் என்பதற்காகத்தான் அப்படிப் பேசினேன். பந்து என்று சொல்லட்டும், தண்ணீர் என்று சொல்லட்டும், கத்தட்டும்.

அவர் தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நீ சொல்றதையே போடலாம்" என்றார்.

மகள் கையைத் தட்டிக் குதித்தாள், நாம் ஜெயித்துவிட்டோம் என்று. பெங்களூர்த் தக்காளியை வாயில் வைக்காத மனுஷன், அடுத்த வருஷம் கொல்லை முழுக்க அதையே போடு என்கிறார் என்றால், அடுத்த வருஷம் அதைச் சாப்பிட யார் யார் இருப்பார்கள் என்று பார்த்துவிட்டார் என்றுதானே அர்த்தம். யாரும் அவரிடம் சொல்லவில்லை. ஆனால் அவருக்குத் தெரிந்திருக்கிறது. எங்கள் எல்லோரையும்விட நன்றாக நடித்தவர் அவர்தான். ஏன், நாட்டுத் தக்காளிக்கு என்ன கேடு வந்தது என்று எரிந்து விழுந்தேன். பாப்பாவுக்கு அதுதானே பிடிக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

பெங்களூர்த் தக்காளி விதையை அவரே பிழிந்து, அலசி, பேப்பரில் உலர்த்தி, பவுடர் டப்பாவில் போட்டு மூடினார். என்னை உதவிக்கு விடவில்லை. அந்த வருஷம் நாட்டுத் தக்காளிச் செடி ஒன்றிலும் துணி கட்டவில்லை.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இவர் யார், அடுத்த வருஷத்தை எனக்குத் தாரை வார்த்துவிட்டுப் போக? அவர் தூங்குகிற நேரமாகப் பார்த்து, கொல்லையில் இருந்ததிலேயே நல்ல நாட்டுத் தக்காளிப் பழங்களாகப் பறித்துக்கொண்டு பால்கார அம்மாவிடம் போய் நின்றேன். வீட்டில் உலர்த்தினால் அவர் கண்ணில் படும். அவளுக்கு ஒரு வழி தெரியும். விதையைச் சாம்பலில் பிசறி, பச்சைச் சாணியில் வைத்து வறட்டியாகத் தட்டிவிடுவாள். பூச்சி அரிக்காது, எலி தொடாது. மழை முடிந்ததும் வறட்டியை உடைத்து மண்ணில் போட்டால் முளைத்துக்கொள்ளும். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எந்த வறட்டியில் எந்த விதை என்று தெரிவதற்கு விரலால் சுண்ணாம்புக் கோடு இழுத்து வைப்பாள். ஒரு கோடு பூசணி, இரண்டு கோடு அவரை, மூன்று கோடு தக்காளி.

சாணியைப் பிசைந்துகொண்டே நான் அழுதேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு, "இன்னாத்துக்கு அயுவுற? வெதைய எட்த்து வச்சிட்டல்ல, அத்த போடறதுக்கு உன் ஊட்டுக்காரு எயுந்து வந்துதான் ஆவணும்" என்றாள். அது பேச்சுக்குச் சொன்னதுதான். நான் அதையே பிடித்துக்கொண்டேன். கார்த்திகையில் இந்த விதை முளைக்கும், நாட்டுத் தக்காளி நாற்றைப் பார்த்து இவர் சிரிப்பார், திருட்டுக் கழுதை என்று என்னைத் திட்டுவார், அதுவரைக்கும் இவர் இருந்துதான் ஆகவேண்டும் என்று ஒரு வைராக்கியம். காய்ந்த வறட்டிகளை எடுத்து, சுண்ணாம்பைக் குழைத்து மூன்று விரலால் ஒரே இழுப்பாக இழுத்தேன். வெந்நீர் அடுப்புக்கு வாங்கிய வறட்டியெல்லாம் கொல்லைக் கொட்டகையில் குவிந்து கிடக்கும். அதோடு கலந்துவிடாமல், மேலே ஒரு பலகையில் சாக்கை விரித்து இவற்றைத் தனியாக அடுக்கினேன். அவர் வலியில் முனகும்போதெல்லாம் கொட்டகைக்குப் போய் அந்த வறட்டிகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவேன். சாமி கும்பிட்டதைவிட அதைத்தான் அதிகம் கும்பிட்டேன் என்று சொல்லலாம்.

கார்த்திகை வரைக்கும் அவர் இருக்கவில்லை. ஆனியில் ஒரு காலை, பாக்டரியில் முதல் சங்கு ஊதியபோது அவர் போய்விட்டிருந்தார்.

குவார்ட்டர்ஸில் ஒரு சாவு என்றால் வீட்டுக்காரர்கள் எதையும் செய்யவேண்டியதில்லை. பல ஊரிலிருந்து வேலைக்கு வந்து குடியேறிய ஜனம், சொந்தக்காரர்கள் பஸ் பிடித்து வருவதற்குள் எல்லாவற்றையும் முடித்து வைத்துவிடும். மூங்கில் வந்தது, தென்னங்கீற்று வந்தது, சங்கு சேகண்டிக்காரர் வந்தார். என்னைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வறட்டி இருக்கிறதா என்று யாரோ கேட்டதும், கொட்டகையில் இருக்கிறது என்று யாரோ சொன்னதும் என் காதில் விழுந்தன. விழுந்ததோடு சரி. அப்போது எனக்குத் தக்காளியும் நினைவில்லை, கார்த்திகையும் நினைவில்லை. செய்யாற்றிலிருந்து வந்து சேர்ந்த கொழுந்தன் கொள்ளி வைத்தார்.

பால் தெளித்துவிட்டு வந்த அன்றைக்குத் திருநெல்வேலிக்காரர் வாசற்படியில் வந்து உட்கார்ந்தார். மூன்று நாளாக அவரும் சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டார். எனக்கு ஏதாவது ஆறுதல் சொல்லவேண்டும் என்று தவித்தார். பால்கார அம்மா கதவோரம் இருந்தாள்.

"அண்ணாச்சிக்கு ஒரு குறையும் வைக்கல மதினி" என்றார். "நீங்க திருநீறு பூசித் தனியா எடுத்து வச்சிருந்தீங்கல்லா, அந்த வறட்டியத்தான் அவுக நெஞ்சு மேல வச்சோம்."

எனக்கு முதலில் புரியவில்லை. எந்தத் திருநீறு, நான் எங்கே பூசினேன் என்று யோசித்தேன். பால்கார அம்மாதான், "மூணு கோடு போட்டதா?" என்று கேட்டாள். ஆமாம், பட்டையாக மூன்று கோடு என்று நெற்றியில் விரலை இழுத்துக் காட்டினார் அவர்.

அவள் வாயைத் திறந்தாள். நான் அவள் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அந்த மனுஷன் என் வீட்டுக்காரரைத் தோளில் சுமந்தவர். தன் கையாலேயே அந்த வறட்டிகளை எடுத்து, நான் செய்துவைத்த மரியாதை என்று நினைத்து, நெஞ்சில் அடுக்கியிருக்கிறார். அது திருநீறு இல்லை, சுண்ணாம்பு, உள்ளே இருந்தது உங்கள் அண்ணாச்சியின் தக்காளி விதை என்று சொன்னால் அப்புறம் அவர் எப்படித் தூங்குவார்? நல்லபடியாகச் செய்தீர்கள் தம்பி என்று சொல்லி அனுப்பிவைத்தேன். அவர் போனபிறகு கொட்டகைக்குப் போய்ப் பார்த்தேன். பலகையில் சாக்கு மட்டும் கிடந்தது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. புருஷன் உயிரோடு படுத்திருக்கும்போதே அவள் வறட்டிக்குத் திருநீறு பூசி எடுத்து வைத்துவிட்டாள் என்று லைன் முழுக்கப் பேச்சு. விவரமானவள் என்று சிலர் மெச்சினார்கள். கல் நெஞ்சுக்காரி என்று சிலர் சொன்னார்கள். அவர் பிழைத்து எழுந்து வரவேண்டும் என்று நான் செய்த ஒரே காரியம், அவர் சாவுக்கு நான் செய்த ஏற்பாடாகிவிட்டது. இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. யாரிடம் போய் விளக்கம் சொல்வது?

குவார்ட்டர்ஸைக் காலி செய்தோம். எனக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை கிடைத்தது. அண்ணனூரில் ரயில்பாதையை ஒட்டி ஒரு சின்ன வீடு. பின்னால் இரண்டு பாய் விரிக்கிற அளவுக்கு மண். கார்த்திகையில் பவுடர் டப்பாவைத் திறந்து, அவர் பிழிந்து வைத்த பெங்களூர் விதையைப் போட்டோம். ஒன்றுகூடப் பொய்க்காமல் முளைத்தது. மாசியில் கொத்துக் கொத்தாகக் காய்த்தது. நான் ஆசைப்பட்டபடி தோட்டம் முழுக்கப் பெங்களூர்தான். ரசத்தில் போட்டேன். அவர் சொன்னது நிஜம்தான், தண்ணீருக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் புளியைக் கூடக் கரைத்து ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை முரண்டு பிடித்திருக்கலாமே என்று அவர் மேல் கோபம் கோபமாக வந்தது.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் ஒரு பழத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். இதில் விதை எடுக்கலாமா, அடுத்த வருஷமும் இதையே போடலாமா என்று கேட்டாள். நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். வேறு எதையோ நினைத்துக்கொண்டு, "நீ சொல்றதையே போடலாம்" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தேன். பழத்தை அப்படியே கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உனக்கு ஒடம்புக்கு என்னம்மா?" என்று கேட்டாள்.

கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தேன். அன்றைக்குக் கையைத் தட்டிக் குதித்த பிள்ளை இத்தனை நாளாக எதை மனதில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்கு ஒன்றுமில்லை என்று சொன்னால் அவள் நம்பப்போவதில்லை. அவரிடமும் நாங்கள் அப்படித்தானே சொன்னோம்.

"பெங்களூரா?" என்றேன் குரலை உயர்த்தி. "அது தக்காளியா, பந்தா? அதெல்லாம் ஒண்ணும் முடியாது. அடுத்த வருஷம் நாட்டுத் தக்காளிதான். நாளைக்கே மார்க்கெட்டுல பாத்து விதைக்கு வாங்கிட்டு வரேன்."

முடியாது என்று காலை உதைத்துக்கொண்டு கத்த ஆரம்பித்தாள். நானும் விடவில்லை. அன்றைக்குப் பொழுது சாயும்வரை இரண்டு பேரும் சண்டை போட்டோம்.