மஞ்சள் கொடிக்கு ஒரு சாட்சி

செல்போனில் நமக்கு வரும் அழைப்புக்கும் காசு பிடிப்பதை நிறுத்தியிருந்த புதிது. தேசிய மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் அந்த வருடத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை. சென்னைக்கு மேற்கே பொட்டல்வெளியில் இருக்கும் பந்தயத் தடத்தின் ஒரு வளைவில், கையில் கொடியோடு நான் நின்றுகொண்டிருந்தேன்.

வடசென்னை விம்கோ நகரில் குடித்தனம் செய்துகொண்டு, ஒரு கன்டெய்னர் யார்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிற பெண்ணுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். எல்லாம் என் கணவரால் வந்தது. மணலியில் ஷிப்டு வேலை அவருக்கு. பந்தயம் என்றால் உயிர். தடத்தின் ஓரம் நின்று கொடி காட்டுகிற மார்ஷல் வேலைக்குச் சம்பளமில்லாமல் போய்க்கொண்டிருந்தார். ஒருமுறை ஆள் பற்றவில்லை என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். வெயிலில் கறுத்துத் திரும்பி, "இனிமே இந்தப் பக்கம் கூப்பிடாதீங்க" என்று சொன்னவள்தான் நான். அடுத்த பந்தயத்தின்போது அவருக்கு ஷிப்டு மாறிவிட்டது. இரவு வேலை முடிந்து அவர் வீட்டில் தூங்கினார், நான் கிளம்பிப் போனேன்! அந்தச் சத்தமும் பெட்ரோல் வாசமும் எப்படியோ என்னைப் பிடித்துக்கொண்டன.

வேலை கேட்கச் சுலபம். முன்னால் யாராவது விழுந்து கிடந்தால் மஞ்சள் கொடியை ஆட்ட வேண்டும். அதைப் பார்த்தால் வண்டியின் வேகத்தைக் குறைக்க வேண்டும், யாரையும் முந்தக் கூடாது. மீறி முந்தினால் எந்த எண் வண்டி என்று வயர்லெஸ்ஸில் சொல்ல வேண்டியது எங்கள் பொறுப்பு. பார்த்ததைச் சொல், நினைத்ததைச் சொல்லாதே என்பதுதான் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாம்பியன் பட்டத்துக்கு இரண்டு பேர் போட்டி. ஒருவர் கோயம்புத்தூர்க்காரர். இன்னொருவர் எங்கள் பக்கத்துப் பிள்ளை. டோல்கேட் அருகே அண்ணன் வைத்திருந்த இருசக்கர வண்டி ஒர்க்ஷாப்பில் வேலை பழகி, அப்படியே பந்தயத்துக்கு வந்த தம்பி. அவரோடு நான் அதுவரை பேசியதில்லை. ஆனால் தண்டையார்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை அவரைத் தெரியாதவர்கள் இல்லை. பட்டம் கிடைத்தால் அடுத்த வருடம் பெரிய கம்பெனி அணியில் இடம், வெளிநாட்டுப் பந்தயம் என்று பேசிக்கொண்டார்கள். மனசுக்குள் நானும் அவருக்காகத்தான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

பந்தயம் முடியப்போகிற நேரம். என் வளைவில் ஒரு வண்டி சறுக்கி, ஓட்டியவர் தடத்தின் விளிம்பிலேயே விழுந்து கிடந்தார். என்னோடு நின்ற இரண்டு பேர் அவரைத் தூக்க ஓடினார்கள். நான் கொடியை ஆட்ட ஆரம்பித்தேன். கோயம்புத்தூர்க்காரர் முதலில் வந்தார், வேகத்தைக் குறைத்தார். பின்னால் வந்த எங்கள் தம்பி குறைக்கவில்லை. உட்பக்கமாகப் புகுந்து, குனிந்து நின்ற இரண்டு பேருக்கும் வெகு அருகே, கோயம்புத்தூர்க்காரரை முந்திக்கொண்டு போய்விட்டார்.

வயர்லெஸ்ஸைக் கையில் எடுத்தேன். சொல்ல வேண்டியது எங்கள் பக்கத்துப் பிள்ளையின் எண். ஆனாலும் சொன்னேன். எண்ணைச் சொன்னேன்.

முதலில் வந்து கோப்பைக்குக் கை நீட்டிய பிள்ளைக்கு, தீர்ப்புக் குழு தண்டனையாகச் சில வினாடிகளைக் கூட்டியது. பட்டம் கோயம்புத்தூர் போனது. அந்தச் சமயத்தில் கொடி ஆடவே இல்லை என்று தம்பியுடைய அணி மேல்முறையீடு செய்தது. டிவி கேமரா அப்போது வேறு வளைவைக் காட்டிக்கொண்டிருந்ததாம். விழுந்தவரைத் தூக்கக் குனிந்திருந்த இரண்டு பேரும் கொடியைப் பார்க்கவில்லை. விசாரணை சில வாரங்களுக்குத் தள்ளிப்போனது.

அந்தச் சில வாரங்கள் இருக்கிறதே, அப்பப்பா! பந்தயம் இல்லாத காலத்தில் பந்தயப் பேச்சு இன்னும் அதிகம் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். டீக்கடைக்கு ஒரு செய்தி. தம்பி பெங்களூரு அணிக்குப் போகிறார் என்பார் ஒருவர். இல்லை, மலேசியாவிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள் என்பார் இன்னொருவர். கோயம்புத்தூர்க்காரர் ஓய்வு பெறப்போகிறார், அவர் இடம் இவருக்குத்தான் என்று ஒரு பேச்சு. இதெல்லாம் போகட்டும் என்று விடலாம். 'கொடி பிடித்த பொம்பளையை விலைக்கு வாங்கிவிட்டார்கள்' என்பதும் அந்தச் செய்திகளில் ஒன்று.

அந்தப் பொம்பளை விம்கோ நகரில்தான் இருக்கிறாள் என்பது எப்படியோ வெளியே தெரிந்துவிட்டது. தினமும் நான் ஏறும் ஷேர் ஆட்டோ டிரைவர் ஒரு நாள் வண்டியை எடுக்காமல் திரும்பிப் பார்த்தார்.

"இன்னா யக்கா, கொடி புடிச்சது நீதானாமே?"

"ஆமாம்ப்பா."

"நம்ம ஏரியா புள்ள யக்கா அது. கண்டுக்காம வுட்டிருந்தா உனுக்கு இன்னா கொறஞ்சி பூடும்? ஊரயே பேஜாராக்கிட்டியே."

ஆட்டோவில் இருந்த ஒருவர்கூட என் பக்கம் பேசவில்லை. அன்றிலிருந்து பஸ்ஸில் போக ஆரம்பித்தேன். மார்க்கெட்டில் மீன் விற்கிற அம்மா, பல வருடப் பழக்கம், என்னைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

இதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். என் கணவர் கேட்டதைத்தான் தாங்க முடியவில்லை. சாப்பிட்டுக்கொண்டே மெதுவாகக் கேட்டார். "கோச்சிக்காத. விழுந்தவரைப் பார்க்க நீ திரும்பினேன்னு சொன்னியே, அப்ப கொடி கீழ எறங்கியிருக்குமோ?"

"இல்லீங்க" என்று சொன்னேன். பிறகு யோசித்தேன். விழுந்தவருக்கு உயிர் இருக்கிறதா என்று நான் திரும்பிப் பார்த்தது நிஜம். அந்தக் கணம் என் கை என்ன செய்துகொண்டிருந்தது? ஆடிக்கொண்டுதான் இருந்தது என்று மனசு சொன்னது. ஆனால் என் கையை நான் பார்க்கவில்லையே. பயிற்சியில் சொன்ன பாடம் என்னையே குத்தியது. அதற்குப் பிறகு சாப்பாடு இறங்கவில்லை. ஒரு பிள்ளையின் வாழ்க்கையை என் ஞாபகப் பிசகால் கெடுத்துவிட்டேனோ என்று நினைத்து நினைத்து உருகினேன்.

விசாரணை எழும்பூர் பக்கம் ஒரு ஓட்டல் மாடியில் நடந்தது. நீள மேசைக்குப் பின்னால் தீர்ப்புக் குழுவின் மூன்று பேர். நடுவில் வெள்ளை மீசைக்காரர் ஒருவர். எதிரே அணி மேலாளர், அவர் பக்கத்தில் அந்தத் தம்பி. ஹெல்மெட் இல்லாமல் அவரை அன்றுதான் அவ்வளவு அருகில் பார்த்தேன். இஸ்திரி போட்ட சட்டை, கழுவியும் போகாத கிரீஸ் படிந்த நகங்கள். என்னைப் பார்க்காமல் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேலாளர் என்னிடம் மரியாதையாகத்தான் கேட்டார். "மேடம், நீங்க கொடி காட்டினதை நான் மறுக்கலை. இவர் முந்தின அந்த செகண்டுல காட்டிட்டு இருந்தீங்களா? விழுந்தவரைத் திரும்பிப் பார்த்தீங்கதானே?"

"பார்த்தேன் சார்."

"அப்போ கொடி ஆடுச்சுன்னு சத்தியம் பண்ணுவீங்களா?"

"ஆடுச்சுன்னுதான் நம்பறேன் சார். ஆனா அந்த ஒரு கணம் என் கண்ணு கொடி மேல இல்ல. சத்தியம் பண்ண முடியாது" என்றேன்.

மேலாளர் நாற்காலியில் நிம்மதியாகச் சாய்ந்தார். மேசைக்குப் பின்னால் இருந்தவர்கள் தங்களுக்குள் குனிந்து பேசினார்கள். தீர்ப்பு மாறப்போகிறது என்பது எனக்கே புரிந்துவிட்டது. நாளைக்கு நான் தெருவில் எந்த முகத்தோடு நடப்பேன் என்று ஒரு பக்கம் தோன்றியது. இன்னொரு பக்கம், பரவாயில்லை, பிள்ளைக்குப் பட்டம் கிடைக்கட்டும் என்றும் தோன்றியது.

வெள்ளை மீசைக்காரர் ஒரு சம்பிரதாயத்துக்குக் கேட்பதுபோல அந்தத் தம்பியிடம் கேட்டார். "நீங்க கொடியைப் பார்த்தீங்களா?"

மேலாளர் முந்திக்கொண்டு, "கவனிக்கலைன்னு ஏற்கெனவே எழுதிக் குடுத்திருக்கோம் சார்" என்றார்.

"அவர் சொல்லட்டும்."

அந்தத் தம்பி எழுந்து நின்றார். கையைத் துடைக்க இடமில்லாமல் பேண்ட்டில் துடைத்துக்கொண்டார்.

"பாத்தேன் சார்."

மேலாளர் அவர் கையைப் பிடித்து இழுத்தார். அவர் உட்காரவில்லை.

"கொடி ஆடிக்கினுதான் இருந்துச்சு. அந்த யக்கா தல மட்டும் திரும்புச்சு, கை நிக்கவே இல்ல. அத்த பாத்துட்டுத்தான் நான் உள்ள பூந்தேன். அங்க போனா கெலிச்சிடலாம்னு போயிட்டேன். தப்பு என்னுது."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அத்தனை வாரமாக நான் சுமந்துகொண்டு திரிந்த சந்தேகத்தை, அதனால் பட்டத்தையே இழக்கப்போகிற மனிதர் ஒரே பேச்சில் இறக்கிவைத்துவிட்டார். மேல்முறையீடு தள்ளுபடி. மேலாளர் எங்கள் இருவரையும் தாண்டி, திரும்பிக்கூடப் பார்க்காமல் படியிறங்கிப் போனார்.

கீழே பஸ் நிறுத்தத்தை நோக்கி நான் நடந்தபோது, பழைய வண்டி ஒன்று பக்கத்தில் வந்து நின்றது.

"ஏறு யக்கா. நானும் அந்தப் பக்கந்தான் போறேன்."

ஏறினேன். பந்தயக்காரர் பின்னால் உட்கார்ந்திருக்கிறோமே என்று கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவரோ மாட்டு வண்டியைவிடக் கொஞ்சம் வேகமாக ஓட்டினார். சென்ட்ரல் தாண்டும்போது மனசு கேட்காமல், "ஏன் தம்பி அப்படிச் சொன்னே? நான்தான் சத்தியம் பண்ணலையே" என்றேன்.

சிக்னலில் நின்றபோது சொன்னார். "நீ பண்ணியிருந்தா ஒருவேள நான் பொய் சொல்லியிருப்பேன் யக்கா. நீ பண்ணல. உனுக்கு நல்லதுன்னு தெரிஞ்சும் பண்ணல. அப்பால எனுக்கு வாய் வர்ல."

டோல்கேட்டை நெருங்கினோம். ஒர்க்ஷாப் வாசலில் அவருடைய கூட்டாளிகள் கூடியிருந்தார்கள். மேல்முறையீடு எப்படியும் ஜெயிக்கும் என்ற நம்பிக்கையில் சரவெடியைத் தரையில் நீளமாக விரித்துவைத்திருந்தார்கள். வண்டி பின்னால் என்னைப் பார்த்ததும் ஒருவர் பாய்ந்து வந்தார்.

"இத்த எதுக்குடா இட்டுக்கினு வந்தே? இதாலதான் எல்லாம் கலீஜாச்சு!"

நான் இறங்கி நடந்துவிடலாம் என்று பார்த்தேன். தம்பி என் முன்னால் வந்து நின்றுகொண்டார். "கொடி ஆடிச்சு மாமு. நான் பாத்தேன். அத்த இன்னிக்கி சொல்லிட்டு வந்துட்டேன். திட்டணும்னா என்னிய திட்டு. இந்த யக்காவ இன்னொரு வாட்டி யார்னா ஒரு வார்த்த சொன்னீங்க, என் மூஞ்சில முழிக்காதீங்க."

அவருடைய அண்ணன் உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். வெளியே வந்து தம்பியை ஒரு பார்வை பார்த்தார். எத்தனை வருட உழைப்பு அந்தப் பார்வையில் இருந்ததோ, எனக்குத் தெரியாது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நடந்து போய்விட்டார். தம்பி குனிந்து, விரித்திருந்த சரவெடியைத் தானே சுருட்டினார்.

பெரிய கம்பெனி அணியில் இடம் வேறொருவருக்குப் போனது. இருந்த அணியும் அவரை விட்டுவிட்டது. 'சொந்தக் காலில் கோடாலி போட்டுக்கொண்டவன்' என்று அடுத்த சில வாரங்களுக்கு டீக்கடைகளில் பேசினார்கள். கடைசியில் சமாதானமாகிவிட்ட அண்ணன், ஒர்க்ஷாப்பிலேயே ஒரு பழைய வண்டியைச் சீர் செய்து கொடுத்தார். அதில் தம்பி இன்னும் சில வருடங்கள் ஓட்டினார். ஓரிரு பந்தயங்களில் ஜெயித்தார். பட்டம் மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை.

என் தெரு தானாக மாறவில்லை. அந்தத் தம்பிதான் மாற்றினார். ஷேர் ஆட்டோ ஸ்டாண்டுக்கே போய் அந்த டிரைவரிடம் நடந்ததைச் சொல்லியிருக்கிறார். ஒரு நாள் நான் பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்த ஆட்டோ வந்து நின்றது. "ஏறு யக்கா, முன்னாடி சீட்டு காலியாத்தான் கீது" என்றார் டிரைவர், என் முகத்தைப் பார்க்காமல். அதுதான் அவர் கேட்ட மன்னிப்பு.

நானும் அதற்கப்புறம் பல சீசன் கொடி பிடித்தேன். பிறகு எத்தனையோ பேர் ஜெயிப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டேன், அவர்கள் முகமெல்லாம் மறந்துபோனது. மேசைக்கு முன்னால் கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு எழுந்து நின்ற அந்த முகம் மட்டும் மறக்கவில்லை. ஊரே என்னைச் சந்தேகித்து, நானே என்னைச் சந்தேகித்த நேரத்தில், தனக்கு வரவிருந்த பட்டத்தை விட்டுக்கொடுத்து என் வார்த்தையைக் காப்பாற்றினார் அந்தத் தம்பி. அப்படி ஒரு நிலைமை எனக்கு வந்தால் நானும் எழுந்து நிற்க வேண்டும் என்பதுதான் அன்றிலிருந்து என் வேண்டுதல்.