ஏழைகளுக்கென்று ஒதுக்கிய அரிசி

வண்டு விழுந்து புழு கூடு கட்டிய அரிசிக்கு ஒரு வாடை உண்டு. நனைந்த சாக்கும் பழைய மாவும் எலிப்புழுக்கையும் ஒன்றாகக் கலந்தது போல, தொண்டையின் பின்பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும் மக்கல் வாடை. ஏற்காட்டு ஈரத்தில் வளர்ந்தவர்களுக்கு அது தெரியாமல் இருக்காது. எனக்கு அந்த வாடையோடு ஒரு கேள்வியும் சேர்ந்தே வரும்: எங்கள் அம்மா திருந்தியது கடவுளுக்குப் பயந்தா, நாலு பேர் முன்னால் தலைகுனிந்ததாலா? முப்பத்து மூன்று வயதாகிறது, இன்னும் எனக்கு விடை தெரியவில்லை.

எங்கள் அப்பா தலைச்சோலைப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தார். நாங்கள் கத்தோலிக்கர்கள். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் வந்துவிட்டால் எங்கள் பங்கில், அதாவது எங்கள் கோயிலைச் சேர்ந்த குடும்பங்களில், வீட்டுக்கு வீடு "கைப்பிடி அரிசி" எடுத்து வைப்பார்கள். தினமும் உலை வைக்கும் முன்பு, சோற்றுக்கு அளந்த அரிசியிலிருந்தே ஒரு கைப்பிடி எடுத்துத் தனி டப்பாவில் போட வேண்டும், அன்றைக்கு நாம் அந்த ஒரு பிடி குறைவாகச் சாப்பிட வேண்டும் என்பதுதான் அந்த வழக்கத்தின் உயிரே. ஈஸ்டருக்கு முந்தைய குருத்து ஞாயிறு அன்று எல்லா டப்பாக்களும் மூட்டைகளாகும். ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை எஸ்டேட் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் "லைன் வீடு"களில் இருக்கும் விதவைகளுக்கும் வேலைக்குப் போக முடியாதவர்களுக்கும் மதம் பார்க்காமல் பிரித்துக் கொடுப்பார்கள். எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் பன்னிரண்டும் சேர்ந்து ஜெபம் சொல்லும் குழுவுக்கு, எங்கள் அன்பியத்துக்கு, அம்மாதான் தலைவி.

எங்கள் வீட்டில் இரண்டு அரிசி இருந்தது. சோற்றுக்குப் பொன்னி, கோழிக்கும் மாவுக்கும் ரேஷன் அரிசி. கைப்பிடி எடுப்பது ஒன்பது வயதான என் வேலை. அம்மா எனக்குக் காட்டிவிட்ட மூட்டை ரேஷன் மூட்டை.

கையை உள்ளே விட்டால் சிலந்தி வலை போல ஏதோ விரலில் பிசுபிசுவென்று சுற்றும், அதற்குள் அரிசி நிறத்திலேயே ஒரு புழு மெல்ல நெளியும், கையை எடுத்த பிறகும் வெகுநேரம் விரலிடுக்கில் ஏதோ ஊர்வது போலவே இருக்கும். மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு பிடி அள்ளி, டப்பாவில் போட்டு, அம்மா பழக்கியிருந்தபடி "இயேசுவே, உமக்காக" என்று சொல்லி, அதே கையால் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வேன். ஒருநாள் தாங்க முடியாமல் கேட்டேன்.

"அம்மா, நொம்பப் புழு இருக்குதும்மா."

"களைஞ்சாப் போயிரும் கண்ணு. அவங்களுக்கெல்லாம் இது பழக்கம்."

அம்மா கொடுமைக்காரர் அல்ல. ஒரு நாளும் ஜெபமாலை சொல்லாமல் படுத்ததில்லை, காய்ச்சல் என்று யார் படுத்தாலும் கஷாயத்தோடு முதலில் போய் நின்றவர். அதனால்தானோ என்னவோ அந்தப் பதிலை நான் அப்படியே நம்பினேன். புழுவைப் பொறுத்துக்கொள்ள வேறு விதமான வயிறு சிலருக்கு உண்டு, அதைக் கடவுளே ஏற்பாடு செய்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வீடு மட்டும்தான் அப்படி என்று இருந்திருந்தாலாவது மனதுக்கு ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். குருத்து ஞாயிறு அன்று கோயில் வராந்தாவில் பன்னிரண்டு வீட்டு டப்பாக்களையும் அம்மா சாக்கில் கொட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா தன் டப்பாவைப் பெருமையாக நீட்டினார்.

"எங்க ஊட்டுல இந்த வருசம் ரெண்டு டப்பா சேந்துருச்சுங்க அக்கா."

"வண்டையும் சேத்து அளந்தா மூணு டப்பா வருமே ஸ்டெல்லா" என்றார் பின்னால் நின்ற ஒருவர்.

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். நானும், என்ன என்று முழுக்கப் புரியாமலேயே, பெரியவர்களோடு சேர்ந்து சிரிக்கக் கிடைத்த சந்தோஷத்தில் சிரித்தேன்.

அந்த வாரமே பெரிய வெள்ளி. காலையில் குன்றின் மேல் சிலுவைப் பாதை, ஒருசந்தி இருந்து வெறும் வயிற்றோடு ஏறி இறங்கி வருபவர்களுக்கு மதியம் கோயில் முற்றத்தில் கஞ்சி. எல்லா வருடமும் கஞ்சிக்கு நல்ல பச்சரிசி சேலத்திலிருந்து அன்று காலையிலேயே வண்டியில் வந்துவிடும். அந்த வருடம் அடிவாரத்திலிருந்து ஏறி வந்த ஒரு லோடு லாரி கொண்டை ஊசி வளைவில் குறுக்கே மாட்டிக்கொண்டது. மேலே பஸ்ஸும் வரவில்லை, அரிசியும் வரவில்லை. நாங்கள் பாட்டுப் பாடி இறங்கி வந்தபோது, மூன்று பெரிய அண்டாக்களில் தண்ணீர் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது. கடைகள் இருந்தன, ஆனால் முந்நூறு பேருக்கு உடனே மூட்டை இறக்க யாருக்கும் தோன்றவில்லை. ஏனென்றால் அதற்குள் கோயில் வேலைகளைக் கவனிக்கும் உபதேசியார் ஒரு வழி சொல்லிவிட்டார்.

"ஏனுங்க, கோயில் அறையில எல்லா அன்பியத்துக் கைப்பிடி அரிசியும் நாலு மூட்டை கெடக்குதுங்களே! அதுல ரெண்டை இப்பப் போட்டுட்டு, நாளைக்கு வாங்கி வெச்சுடலாமுங்க."

பெண்கள் பக்கத்திலிருந்து அம்மாதான் முதலில் வாயைத் திறந்தார்.

"அது ஏழைங்களுக்குன்னு ஒதுக்குனதுங்க ஃபாதர். அதைப் போயி நாம தொடலாமுங்களா?"

"பாவமுங்க" என்றார் ஸ்டெல்லா அக்கா. "ஆமாமுங்க, பாவம்" என்று இன்னும் நாலைந்து குரல்கள் சேர்ந்தன. பக்தியில் அப்படி ஓர் ஒற்றுமையை எங்கள் அன்பியம் அதற்கு முன்பு கண்டதே இல்லை.

பங்குக்குப் புதிதாக வந்திருந்த இளம் ஃபாதருக்கு ஒன்றும் தெரியாது. சிரித்துக்கொண்டே, "பசியில நாமளும் இன்னிக்கு ஏழைங்கதானுங்களே அம்மா, போடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சாக்கைப் பிரித்த சமையல்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். களையக் கொட்டியதும் தண்ணீரின் மேல் கறுப்பாக ஒரு படலம் எழுந்து வந்து விளிம்பைச் சுற்றி ஊர்ந்தது. "அரிசி போடச் சொன்னா வண்டுப் பண்ணையவே கொண்டாந்து கொட்டிட்டாங்களே! எந்தப் புண்ணியவதி ஊட்டு அரிசிங்க இது?" என்று உரக்கவே கேட்டார். யாரும் என் வீட்டு அரிசி என்று சொல்லவில்லை. கரண்டியால் அள்ளி அள்ளி வெளியே ஊற்றினார். ஆறு தண்ணீர் மாற்றினார். பூண்டும் வெந்தயமும் பாசிப்பருப்பும் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு போட்டார். கொதி வந்ததும் முற்றம் முழுக்க அந்த வாடை பரவியது. வீட்டுக்கு வீடு வேறு வேறு அரிசி. புழுங்கல் ஒருபுறம் கல்லாக நின்றது, பச்சரிசி ஒருபுறம் பசையாகக் கரைந்தது, இரண்டுக்கும் நடுவே மஞ்சளாகச் சுருண்டு எதுவோ மிதந்தது. அது என்ன என்று கேட்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. நாற்பது நாள் என் விரலில் ஊர்ந்ததுதானே.

எல்லோரும் வரிசையில் நின்று கஞ்சியும் துவையலும் வாங்கினார்கள். வாங்காமல் போனால் ஏன் என்று கேள்வி வரும். வாங்கிய பிறகு பலர் பேசிக்கொண்டே மெல்ல கோயிலுக்குப் பின்னால் நடந்தார்கள். அங்கே லாண்டானாப் புதருக்கடியில் வெள்ளை வெள்ளையாகக் கஞ்சி கிடந்ததை நான் பார்த்தேன். ஸ்டெல்லா அக்காவின் தூக்குப்போசி காலியாகத் திரும்பி வந்தது. அம்மா கொட்டவில்லை. பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது மாரியக்கா வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்பாவின் எஸ்டேட்டில் காபிப் பழம் பறிப்பவர், கணவரை இழந்தவர், எங்கள் மதத்தைச் சேர்ந்தவர் அல்ல. பெரிய வெள்ளிக் கஞ்சிக்கு மட்டும் வருடா வருடம் வருவார். பாத்திரத்தை மூக்கருகே கொண்டு போனவர் உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"அட, சனிக்கெழமை குடுக்குற அரிசியாட்டம் இருக்குதுங்க!"

குரலில் குத்தல் துளியும் இல்லை. தெரிந்த முகத்தைச் சந்தையில் பார்த்தது போலத்தான் சொன்னார். பிறகு அம்மா சாப்பிடாமல் இருப்பதைப் பார்த்துவிட்டு அவருக்கு உதவி செய்ய ஆரம்பித்தார்.

"தொவையலை மொதல்ல நாக்குல வெச்சுக்கோங்கம்மா. மூச்சு விடாம முழுங்கோணும், மென்னா ஆவாதுங்க. நாங்க இதைப் பொங்கவே மாட்டோமுங்க, ஒண்ணு கொழைஞ்சா ஒண்ணு வேவாது. வறுத்து இடிச்சு மாவாக்கிருவோம், வாடை பாதி போயிரும். எங்க பொண்ணுகூட மொத வருசம் வாந்தி எடுத்துச்சு, இப்பப் பழகிருச்சுங்க."

அம்மா துவையலை நாக்கில் வைத்தார், விழுங்கினார். மறுபடி வைத்தார், விழுங்கினார். பாத்திரம் காலியாகும் வரை மாரியக்கா சொன்ன மாதிரியே செய்தார். நான் இரண்டு வாய்க்கு மேல் தாங்கவில்லை, அங்கேயே எல்லோர் முன்னாலும் வாந்தி எடுத்தேன். அம்மா முந்தானையால் என் வாயைத் துடைத்துவிட்டு, திரும்பிப் பார்த்தவர்களிடம், "வெயில்ல நடந்தது புள்ளைக்கு ஒத்துக்கலீங்க" என்றார்.

மீதி இரண்டு மூட்டையும் மறுநாள் வழக்கம்போல லைன் வீடுகளுக்குப் போயிற்று. வாங்கி வைப்பதாகச் சொன்ன மற்ற இரண்டு மூட்டை வந்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அடுத்து நடந்த அன்பியக் கூட்டத்தில் எடுத்த முடிவு நன்றாக நினைவிருக்கிறது: இனிமேல் பெரிய வெள்ளிக் கஞ்சிக்கு வேண்டிய அரிசியை ஒரு வாரம் முன்பாகவே இறக்கி வைத்துவிட வேண்டும். அவ்வளவுதான். அந்தக் கஞ்சியிலிருந்து நாங்கள் கற்ற பாடம் அது.

அடுத்த தவக்காலத்தில் அம்மா என் கையில் டப்பாவைக் கொடுத்து, பொன்னி இருக்கும் டிரம்மைக் காட்டினார். ஏன் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இன்று வரை எங்கள் வீட்டில் அந்தக் கஞ்சியைப் பற்றிப் பேச்சே இல்லை.

இப்போது ஏற்காட்டுக் கடைவீதிக்குப் பக்கத்தில் கணவரோடும் எட்டு வயது மகள் ஜெனியோடும் இருக்கிறேன். அப்பா போன பிறகு அம்மாவும் எங்களோடுதான். எங்கள் பங்கில் கைப்பிடி டப்பா ஒழிந்து பல வருடங்கள் ஆயிற்று. தவக்காலத்தில் ஒரு ஞாயிறு, கடையில் வாங்கிய ஐந்து கிலோ பாக்கெட்டை ஒட்டு பிரிக்காமல் பீடத்தின் முன் அடுக்குகிறோம். பளபளவென்று இருக்கிறது, வாடை கிடையாது. உலை வைக்கும்போது ஒரு பிடி குறைத்துக்கொள்வதும் கிடையாது. நல்லதற்குத்தானே மாறியது என்று நினைப்பேன், உடனே அப்படியா என்றும் இருக்கும்.

போன மாதம் கோயிலில் லைன் வீட்டுப் பிள்ளைகளுக்குத் துணியும் பொம்மையும் கேட்டார்கள். ஜெனி தானாகவே ஒரு பை நிறைய எடுத்து வந்தாள். கறை பிடித்த கவுன், கையில்லாத பொம்மை, பாதிப் பக்கம் கிறுக்கிய வண்ணப் புத்தகம். "வேற நல்லதா எடு சாமி" என்றேன்.

"அவங்களுக்கு இது போதும்மா" என்றாள்.

அம்மா சொல்லிக் கொடுத்திருப்பாரோ என்றுதான் முதலில் கோபம் வந்தது. பிறகு ஞாபகம் வந்தது. அதற்கு முந்தைய வாரம், பாத்திரம் கழுவ வரும் அக்காவிடம் ஃபிரிட்ஜில் மூன்று நாளாகக் கிடந்த சாம்பாரை எடுத்துக் கொடுத்தேன். கொடுக்கும் முன் மோந்து பார்த்தேன், லேசாகப் புளித்திருந்தது. "சூடு பண்ணினா சரியாயிரும் அக்கா" என்றேன். ஜெனி பக்கத்தில் நின்று பால் குடித்துக்கொண்டிருந்தாள். நான் முதுகலை படித்தவள், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள், அந்தக் கஞ்சியை வாந்தி எடுத்தவள்.

அந்தப் பையைப் பிடுங்கி, அவள் தினமும் கட்டிக்கொண்டு தூங்கும் கரடி பொம்மையைக் கொடுக்க வைத்தேன். அழுதுகொண்டே கொடுத்தாள். அதுவும் சரியா என்று இப்போது தெரியவில்லை. கொடுப்பதை வெறுக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டேனோ என்றிருக்கிறது.

இன்னும் இரண்டு வாரத்தில் ஜெனிக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். அதற்கு முன் முதல் முறையாக ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். தன் பாவங்களை நினைத்துப் பார்க்க அவளுக்குச் சொல்லிக் கொடுப்பது அம்மாதான். மாலையில் இரண்டு பேரும் கட்டிலில் எதிரெதிரே உட்கார்ந்து பத்துக் கட்டளைகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். நேற்று ஜெனி எழுந்து வந்து என்னிடம் கேட்டாள்: "அம்மாயி எதுக்கும்மா பாவசங்கீர்த்தனம் பண்றாங்க? அவங்கதான் ஒரு தப்பும் பண்ண மாட்டாங்களே!"

அம்மாவுக்கு அது கேட்டிருக்கும். கதவு திறந்துதான் இருந்தது. அவர் என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன்; ஜெபமாலையை உருட்டும் சத்தம் மட்டும் வந்தது.

வாசகர்களே, உங்களில் பிள்ளை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். சாம்பார் விஷயத்தை ஜெனியிடம் நானே சொல்லிவிடுவேன், அதில் எனக்குக் குழப்பம் இல்லை. கஞ்சியைப் பற்றி என்ன செய்ய? சொன்னால், தினமும் தனக்கு ஜெபம் சொல்லித் தரும் வாயைப் பார்த்து அவள் அருவருப்பாளோ என்று பயமாக இருக்கிறது. சொல்லாமல் விட்டால், தப்பே செய்யாதவர்கள்தான் ஜெபிப்பார்கள் என்று நம்பிக்கொண்டே வளர்வாள். அம்மாவிடம் போய், "நீங்களே அவளுக்குச் சொல்லுங்கள்" என்று கேட்க ஒரு மகளுக்கு உரிமை உண்டா? இருந்தால், எப்படித் தொடங்கிக் கேட்பது? இரண்டு வாரம்தான் இருக்கிறது. தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.