முழுக்க இறங்காத வீடியோ

லெஸ்லி என்ற பெயரை மாகிரட் முதன்முதலில் கேட்டது கோயிலில், ஓலை வாசித்தபோது. கலியாணம் என்றால் மூன்று ஞாயிறு சுவாமியார் பெண் மாப்பிள்ளை பெயரைப் படித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று கேட்பார். மாகிரட்டின் பெரியம்மா மகள் றெஜினாவுக்கும் அப்படித்தான் படித்தார்கள். முதல் ஓலை வாசித்த அன்று பின்னேரமே மாப்பிள்ளை தன் கட்டிலையும் அலுமாரியையும் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு பெண்வீட்டுக்கு வந்துவிட்டார்.

"இன்னும் ரெண்டு ஓலை கிடக்குத் தம்பி," என்றார் பெரியப்பா.

"அதைச் சுவாமி வாசிக்கட்டும் மாமா. நீங்கள் கதவை அகலத் திறவுங்கோ, அலுமாரி நுழையாது."

அதுதான் லெஸ்லி. சோறு வடிக்க முதல் கோப்பையோடு வந்து இருப்பார். கெட்ட மனுசன் இல்லை. மாகிரட்டின் புருசன் செத்தபோது முன்னுக்கு நின்றவரும் அவர்தான், அவள் மகன் சிந்துஜனைத் தன் படகில் ஏற்றித் தொழில் பழக்கியவரும் அவர்தான். ஆனால் பொறுமை அந்த உடம்பில் வைக்கப்படவில்லை.

படகின் எஞ்சின் காணாமற்போன காலையிலும் அவர் பொறுக்கவில்லை. ஒருவரையும் விசாரிக்க முதல், துறையில் அத்தனை பேர் பார்த்து நிற்க, "பூட்டுத் திறப்பு இவனிட்டத்தான் கிடந்தது," என்று சிந்துஜனைக் காட்டினார். அவருடைய மகன் றிக்சனும் பக்கத்தில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அதற்குப் பிறகு சிந்துஜனை யாரும் படகில் ஏற்றவில்லை.

அன்று வீட்டுக்கு வந்த பிள்ளை, "அம்மா, நீங்களும் நம்புறீங்களோ?" என்று கேட்டான். மாகிரட் கறியைத் துழாவினாளே தவிர வாய் திறக்கவில்லை. அவன் கந்தளாயில் அரிசி ஆலை வேலைக்குப் போய்விட்டான். கொஞ்ச நாளில் றிக்சன் இத்தாலிக்குப் போனான்.

தொலைந்ததைக் காட்டித் தருகிறவர் அந்தோனியார். எஞ்சின் போன வழியை அவர் காட்டும்வரை திருநாளுக்குத் திருநாள் தெருவுக்குச் சோறு போடுவதாக லெஸ்லி நேர்த்தி வைத்தார். றெஜினா போய்ச் சேர்ந்த பிறகு அந்தச் சோற்றை ஆக்கியது மாகிரட். போகாவிட்டால், கள்ளனுடைய தாய்க்கு வரக் கூச்சம் என்று சொல்வார்களே.

இந்த வருசம் ஆட்கள் பந்தியில் இருக்கும்போது றிக்சனிடமிருந்து வீடியோ வந்தது. போனைப் பெரிய டிவியில் போடச் சொன்னார் லெஸ்லி.

"பொறுங்கோ அப்பா. முழுக்க இறங்கட்டும். நாங்கள் ஒருக்காப் பாத்திட்டு ஆக்களுக்குப் போடுவம்," என்றாள் மகள் லதுஷா.

"இறங்க இறங்கவே பாக்கலாம் எண்டு அதிலயே கிடக்கு. அமத்து பிள்ளை."

"ஒரு ஓலையோட கட்டில் ஏத்தின ஆளல்லோ," என்று பந்தியில் ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

திரையில் றிக்சன் வந்தான். "எல்லாருக்கும் திருநாள் வாழ்த்துக்கள். அப்பா, சோறு குடுத்தாச்சோ?" என்றான். அத்தோடு வாய் திறந்தபடியே நின்றுவிட்டான். முகத்துக்கு மேல் ஒரு வட்டம் சுற்றியது.

"சிக்னல் காணாது," என்றாள் லதுஷா.

சும்மா இருக்க லெஸ்லிக்கு ஏலுமோ. "என்ர பிள்ளை அங்க கஷ்டப்பட்டு உழைக்கிறான். சில பேர்ர பிள்ளைகள், ஏத்தின படகிலயே கை வைக்கிறவங்கள்," என்றார். குசினி வாசலில் அகப்பையோடு நின்ற மாகிரட் தலை குனிந்தாள்.

வட்டம் மறைந்தது.

"அப்பா, இனிச் சொல்லப்போறதை ஆக்களுக்குக் காட்டாதீங்கோ. தனிய இருந்து கேளுங்கோ. அந்த எஞ்சினைக் கழட்டி வித்தது நான். இங்க வாறதுக்குத்தான். சிந்துஜனுக்கு ஒண்டும் தெரியாது. நீங்கள் அவனைக் காட்டேக்க எனக்கு வாய் வரயில்லை."

லெஸ்லி எழும்பிப் போய் இரண்டு கையாலும் திரையை மறைத்தார். குரல் கைக்கு அடங்குமா? மகன் அழுது முடிக்கும்வரை அது வீடெல்லாம் கேட்டது. பந்தியில் ஒருவரும் சோற்றில் கை வைக்கவில்லை.

பிறகு குசினி வாசலுக்கு வந்தார். "மச்சாள்..."

"என்னட்ட ஒண்டும் சொல்லாதீங்கோ அத்தான்," என்றாள் மாகிரட். "நீங்கள் வெளியில சொன்னீங்கள். பெத்தவள் நான் அதையே உள்ளுக்க வைச்சிருந்தன்."

அடுத்த நாள் இருவரும் கந்தளாய்க்கு பஸ் ஏறினார்கள். தவிட்டுத் தூசியோடு வெளியே வந்த சிந்துஜன் இரண்டு கதிரை கொண்டுவந்து போட்டான். அவர்கள் சொன்னதை நின்றபடி கேட்டான்.

"என்னட்டச் சொல்லி என்ன பெரியப்பா? எனக்குத்தான் முதலே தெரியுமே. துறையில சொல்லுங்கோ."

தாயைப் பார்த்து அவன் ஒன்றும் சொல்லவில்லை. அதை மாகிரட் பஸ்ஸில் வழி முழுக்க நினைத்துக்கொண்டு வந்தாள்.

வந்த ஞாயிறு, பூசை முடிந்து எல்லோரும் துறையில் கூடியிருக்க, லெஸ்லி தன் படகில் ஏறி நின்றார். "சிந்துஜன் எடுக்கயில்லை. எடுத்தது என்ர மகன். அவசரப்பட்டுச் சொன்னது நான்," என்றார். அடுத்த ஞாயிறும் ஏறினார். ஆட்களுக்குத்தான் கூச்சமாக இருந்தது.

"சொன்னது காணும் அண்ணை, இறங்குங்கோ."

"இன்னும் ஒரு ஓலை கிடக்கு," என்றார் லெஸ்லி. மூன்றாம் ஞாயிறும் வந்து சொன்னார்.

சிந்துஜன் திரும்பி வரவில்லை. தாய் எடுத்தால் போனில் கதைப்பான், கொஞ்சமாக. லெஸ்லி படகை விற்றுவிட்டு இப்போது சாம்பல்தீவில் லதுஷாவின் வீட்டில் இருக்கிறார். ஆட்களுக்குக் கிழிந்த வலை பொத்திக் கொடுக்கிறார்.