கோமதி மிஸ்ஸின் நான்காம் பக்கம்

புதன்கிழமை இரண்டாவது பீரியடில் செய்தி வந்தது. என் வகுப்புக்கு நான் தமிழ் டிக்டேஷன் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் பள்ளி ஆயா மாலதி மாசி கதவருகே வந்து நின்று, "கோமதிதி நேய்" என்றார். வங்காளியில் தி என்றால் அக்கா, நேய் என்றால் இல்லை. வீட்டில் ஆள் இல்லை, கடையில் பால் இல்லை, எல்லாவற்றுக்கும் இங்கே அந்த ஒரு சொல்தான். "தெரியும் மாசி, லீவில் இருக்காங்க" என்று அவர் மொழியிலேயே சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போனேன். மாசி நகரவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் புரிந்தது. புரிந்த பிறகும் மீதியிருந்த நான்கு சொற்களைச் சொல்லி முடித்தேன். நோட்டுகளை வாங்கித் திருத்தினேன். மறுநாள் எடுத்துப் பார்த்தால் எல்லா நோட்டிலும் பிழைகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் சரி போட்டிருந்தேன்.

இந்த அஞ்சலிக் குறிப்பைப் படிக்கிற உங்களில் பலர் கோமதி மிஸ்ஸிடம் படித்தவர்கள், அல்லது உங்கள் பிள்ளைகள் படித்தார்கள். அன்று பிற்பகல் லேக் கார்டன்ஸில் அவர் வீட்டு வாசலில் உங்களைப் பார்த்தேன். நீங்கள் அழுதீர்கள். எனக்கு இதை எழுதும்வரை அழுகை வரவில்லை. மயானத்தில் கொடுத்த படிவத்தில் அவர் பெயரை வங்காள உச்சரிப்பில் 'கோமொதி' என்று எழுதியிருந்தார்கள். அதைத் திருத்தச் சொல்லலாமா வேண்டாமா என்பது ஒன்றுதான் அங்கே இருந்த நேரம் முழுவதும் என் மனத்தில் ஓடியது. கடைசிவரை சொல்லவில்லை.

கோமதிக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கணவருக்குத் துறைமுகத்தில் வேலை கிடைத்ததால் கல்கத்தாவுக்கு வந்தவர். தமிழ்க் குடும்பங்களுக்காகத் தெற்குக் கல்கத்தாவில் நடந்த எங்கள் சிறிய ஆரம்பப் பள்ளியில் எனக்கு ஒரு வருடம் முன்னால் சேர்ந்தார். என்னைவிட நான்கு வயது மூத்தவர். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னைப் பத்மா என்பார். பதினைந்து வருடம் பக்கத்துப் பக்கத்து அறைகளில் பாடம் நடத்தினோம். நடுவில் மரத்தடுப்புதான். அவர் வகுப்பில் சிரித்தால் என் வகுப்பும் காரணம் தெரியாமல் சிரிக்கும்.

பள்ளியிலிருந்து மாதம் ஒருமுறை வீடுகளுக்குச் செய்தி மடல் போகும். நான்கு பக்கம். பிறந்தநாள்கள், விளையாட்டுப் போட்டி, பூஜை விடுமுறை, சீருடை பற்றிய அறிவிப்பு. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் சைக்ளோஸ்டைல் எந்திரத்துக்காக மெழுகுத் தாளில் எழுத்தாணியால் கீறி ஸ்டென்சில் வெட்டுவது என் வேலை. என்ன எழுதுவது என்பதைக் கோமதி பார்த்துக்கொண்டார். பொறுப்பேற்ற முதல் மாதமே, "குடிநீர்க் குழாயில் இரண்டு நாள் செந்நிறமாகத் தண்ணீர் வந்தது, இப்போது சரியாகிவிட்டது" என்று ஒரு செய்தி போட்டார். நாங்கள் பெரிய மிஸ் என்று அழைக்கும் தலைமையாசிரியை அவரைக் கூப்பிட்டு, இதையெல்லாம் யார் போடச் சொன்னது என்று கேட்டார். "பிள்ளைங்க வீட்டுல போய் எப்படியும் சொல்லத்தான் செய்யும். நாம சொன்னா கொஞ்சம் ஒழுங்காச் சொல்லலாம்லா" என்றார் கோமதி. பெரிய மிஸ் மடலை மடித்து மேசை இழுப்பறையில் வைத்தார்.

தொண்ணூறுகளின் கடைசியில் தூத்துக்குடியிலிருந்து ஒரு குடும்பம் மாற்றலாகி வந்தது. அவர்களுடைய மகள் செல்வி கோமதியின் மூன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, இரட்டைச் சடை. வங்காளியும் இந்தியும் ஒரு சொல்கூடத் தெரியாது. மற்றக் குழந்தைகள் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள், விளையாடும்போது வங்காளியில்தான் கத்துவார்கள். செல்வி வந்த சில வாரத்தில் ஒரு விளையாட்டு கிளம்பியது. அதற்குச் 'செல்வி டச்' என்று பெயர். செல்வி யார்மேலாவது பட்டுவிட்டால், பட்டவள் ஓடிப்போய் இன்னொருத்தியைத் தொட்டு அதைத் தள்ளிவிட வேண்டும். கடைசியில் யாரிடம் நிற்கிறதோ அவள் கையைக் கழுவிக்கொண்டு வர வேண்டும். நானும் பார்த்திருக்கிறேன். குழந்தைகள் ஓடிப்பிடித்து விளையாடுகிறார்கள் என்று நினைத்துத் தாண்டிப் போயிருக்கிறேன்.

ஒருநாள் காலை வழிபாட்டில் செல்வி மயங்கி விழுந்தாள். கோமதி அவளைத் தூக்கிக்கொண்டு ஆசிரியர் அறைக்கு வந்தார். தண்ணீர் கொடுத்தோம். மூன்று தம்ளர் நிறுத்தாமல் குடித்தாள்.

"ஏளா, வீட்டுல தண்ணி குடிச்சிட்டு வரலையா?" என்று கேட்டார் கோமதி.

"குடிச்சா இங்க வந்து பாத்ரூம் போகணும்லா மிஸ்."

"போனா என்ன?"

"நான் தொட்ட தாழ்ப்பாள யாரும் தொட மாட்டாங்க. கத்துவாங்க. குழாயிலயும் அப்படித்தான்."

"எத்தன நாளா?"

செல்வி யோசித்துவிட்டு, "மழ ஆரம்பிச்சதுல இருந்து" என்றாள். அழவில்லை. நாள் கேட்டதற்கு நாள் சொன்னாள், அவ்வளவுதான். இங்கே மழை ஜூனில் தொடங்கும். அப்போது அக்டோபர் பூஜை விடுமுறைக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது.

கோமதி யாரையும் திட்டவில்லை. மறுநாள் வகுப்பு முழுவதையும் முற்றத்தில் வட்டமாக நிற்க வைத்து, கை கோத்துக்கொண்டு பாடச் சொன்னார். செல்விக்கு ஒரு பக்கம் நின்றவள் ஸ்வெட்டர் கையை விரல்மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள், மறுபக்கம் ஸ்வெட்டர் இல்லாதவள் பாவாடை நுனியால் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த வெயிலில் ஸ்வெட்டர் எதற்கு என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. இன்றைக்கு மிஸ் ஏதோ செய்யப்போகிறார் என்று தெரிந்து இரண்டு பேர் பையில் கொண்டுவந்திருந்தார்கள். பாட்டு முடிவதற்குள் கோமதி எல்லாரையும் உள்ளே அனுப்பிவிட்டார். "சொதப்பிட்டேன் பத்மா. அந்தப் பிள்ளைய நடுவுல நிக்க வச்சு நானே வேடிக்க காட்டிட்டேன்" என்றார். அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை.

அடுத்த மாத மடலில் நான்காம் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டுத் தரச் சொன்னார். தலைப்பு: 'பார்த்தேன், பேசவில்லை.' முதல் மாதம் அதில் எழுதியவர் அவர் ஒருவர்தான், தன் பெயரைப் போட்டு. "குழாயடியில் ஒரு குழந்தையைக் கண்டு மற்றவர்கள் ஓடுவதைப் பலநாள் பார்த்தேன். விளையாட்டு என்று நினைத்தேன். கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கோமதி, மூன்றாம் வகுப்பு ஆசிரியை." நான் ஸ்டென்சில் வெட்டும்போது, "அக்கா, இது வேணுமா?" என்று கேட்டேன். "வெட்டு" என்றார்.

பெற்றோர் கூட்டத்தில் பெரிய சத்தம். அலிப்பூரில் அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்த ஒரு தகப்பனார் மடலைத் தூக்கிக் காட்டி, "இதையெல்லாம் அச்சடிச்சு வீட்டுக்கு அனுப்பணுமா மிஸ்? ஸ்கூல் மானம் போகுது" என்றார். "வீட்டுக்கு அனுப்புற பேப்பர்ல வீட்டுக்குத் தெரிய வேண்டியதைத்தான சார் போடணும்?" என்றார் கோமதி. கடைசி வரிசையில் செல்வியின் அம்மா உட்கார்ந்திருந்தார். கூட்டம் முடிந்ததும் வந்து, "பாஷ தெரியாம இருக்கதாலதான் வீட்டுலயும் பேச மாட்டேங்கான்னு நெனச்சேன் டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு கோமதி வகுப்பில் ஒரு பிஸ்கட் டப்பா வைத்தார். யார் வேண்டுமானாலும் சீட்டு எழுதிப் போடலாம். பெயர் எழுத வேண்டாம். அடுத்தவர் செய்ததை எழுதக்கூடாது. தான் பார்த்ததையோ தான் செய்ததையோ மட்டும் எழுத வேண்டும். இரண்டு வாரம் டப்பா காலியாகவே இருந்தது. மூன்றாவது வாரம் ஒரே நாளில் சீட்டுகள் விழுந்தன. தமிழில், ஆங்கிலத்தில், இரண்டு வங்காளியில். அவற்றைப் படித்துவிட்டு என்னிடம் கொடுத்தார். அன்று பிற்பகல் ஆசிரியர் அறையில் தனியாக உட்கார்ந்து வெட்ட ஆரம்பித்தேன். ஏழாவதோ எட்டாவதோ எடுத்த சீட்டில் எழுத்து எனக்குத் தெரிந்த எழுத்து. என் மகள் நித்யாவின் எழுத்து. அவளும் அந்த வகுப்பில்தான் இருந்தாள். "செல்வி டச் முதல்ல சொன்னது நான். அப்புறம் நிறுத்தத் தெரியவில்லை."

அந்தச் சீட்டை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். கோமதி இருந்தவரை இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. அப்போது நான் நினைத்தது நித்யாவை அல்ல. ஆசிரியையின் மகள் என்று பேசுவார்களே என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் மடல் வந்தது. கோமதி புரட்டிப் பார்த்தார்.

"பத்மா, பதினேழு குடுத்தேன். பதினாறுதான் இருக்கு."

"கீழ எங்கயாவது விழுந்திருக்கும் அக்கா."

"சரி" என்றார்.

இரண்டு நாள் கழித்து, பள்ளி விட்டு பாலிகஞ்ச் பஸ்ஸுக்கு நிற்கும்போது என் பக்கத்தில் வந்து நின்றார். பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நித்யா எங்கிட்ட வந்தா. என்னோடது மட்டும் ஏன் மிஸ் வரலன்னு கேட்டா. அவ்வளவு கெட்டதான்னு கேட்டா."

நான் கைப்பையை இன்னொரு தோளுக்கு மாற்றினேன்.

"இடம் இல்லட்டி, அடுத்த மாசம் வரும்னு சொல்லிட்டேன். ஒனக்காக அந்தப் பிள்ளகிட்ட ஒரு பொய் சொல்லியிருக்கேன் பத்மா. இன்னொண்ணு சொல்ல மாட்டேன்."

பஸ் வந்தது. இரண்டு பேரும் ஏறினோம். எனக்கு உட்கார இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு அவர் நின்றுகொண்டு வந்தார்.

அடுத்த மாத மடலில், முதல் வரியாக, அந்தச் சீட்டை வெட்டினேன். எழுத்தாணியை அதிகம் அழுத்தியதால் 'நிறுத்த' என்ற சொல்லில் தாள் கிழிந்து, மெழுகுத் திரவம் தடவி மறுபடி வெட்ட வேண்டியிருந்தது. மடல் வீட்டுக்கு வந்த அன்று நித்யா நான்காம் பக்கத்தைப் படித்துவிட்டு மடித்துப் பாடப் புத்தகத்துக்குள் வைத்தாள். அடுத்த நாள் இடைவேளையில் செல்விக்குப் பின்னால் வரிசையில் நின்று, அவள் குடித்த குழாயில் வாயை வைத்துத் தண்ணீர் குடித்தாள். மாலதி மாசி பார்த்துவிட்டு வந்து சொன்னார். அதன் பிறகு அந்த விளையாட்டு ஒரு வாரம்கூட நீடிக்கவில்லை.

ஆனால் செல்வி நித்யாவோடு பழகவில்லை. நித்யா கொடுத்த பென்சிலை வாங்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்தால் எழுந்து போனாள். வருட முடிவில் அவள் அப்பாவுக்கு மறுபடி மாற்றல் வந்து போகும்வரை அப்படித்தான் இருந்தாள். எனக்கு அது வருத்தமாக இருந்தது. "இன்னும் அந்தப் பொண்ணு மனசு இறங்கலையே அக்கா" என்றேன். கோமதிக்குக் கோபம் வந்து நான் பார்த்த ஒரே சமயம் அதுதான். "அவ எதுக்கு இறங்கணும்? அது அவ இஷ்டம். தண்ணி குடிக்கா, பாத்ரூம் போறா. அது போதும். ஓம் பொண்ணு மனசு ஆறுறதுக்கு அவள எதுக்கு இழுக்க?"

பிறகு சைக்ளோஸ்டைல் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. நான்காம் பக்கம் போகவில்லை. சில மாதம் சீட்டே வராது. அந்த மாதம் கோமதி கட்டத்தைக் காலியாக விடுவார், பூப்படம் போட்டு நிரப்ப விடமாட்டார். பெரிய மிஸ் ஓய்வு பெற்றுப் போகும் மாதத்தில் டப்பாவில் அவர் எழுத்தில் ஒரு சீட்டு இருந்தது. அதில் என்ன இருந்தது என்பதை இங்கே எழுத எனக்கு உரிமையில்லை. மடலைப் பத்திரப்படுத்தியவர்கள் பார்த்துக்கொள்ளலாம். பெயர் இருக்காது.

செய்தி வந்த அன்று மாலை பெங்களூரில் கல்லூரியில் படிக்கும் நித்யாவுக்குப் போன் செய்தேன். எப்போது என்று மட்டும் கேட்டாள். பிறகு, "அப்போ என் சீட்டுக்கு இடம் இல்லன்னு மிஸ் சொன்னாங்கம்மா. ஒரு மாசம் காத்திருந்தேன்" என்றாள்.

"இடம் இருந்தது. நான்தான் எடுத்து வச்சுக்கிட்டேன்."

அந்தப் பக்கம் ஏதோ வண்டிச் சத்தம் கேட்டது. "சாப்பிட்டியாம்மா?" என்றாள் நித்யா. இல்லை என்றேன். சாப்பிடச் சொல்லி வைத்துவிட்டாள். போய்ச் சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இந்தக் கோடையிலிருந்தே கோமதி மாடிப்படியில் பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார். பின்னால் வருகிற நானும் நிற்பேன். அவர் புடவையைச் சரிசெய்வதுபோல் செய்வார். நான் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்ப்பதுபோல் பார்ப்பேன். டாக்டர் பிறகு சொன்னார், இதயம் பல மாதமாகவே பலவீனமாக இருந்திருக்கும் என்று. நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை அவர் வகுப்பை என்னிடம் கொடுத்தார்கள். உள்ளே போனதும், இரண்டாவது பெஞ்சில் ஒரு சிறுமி மட்டும் தனியாக ஓரத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். பெயர்கூட எனக்குத் தெரியாது. வருகைப் பதிவேட்டை மேசைமேல் வைத்துவிட்டுப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஏன்டா தனியா இருக்க? யாரும் பக்கத்துல வரலையா?" என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்து, "இல்ல மிஸ், பக்கத்துல உட்கார்ற ரீத்தாவுக்கு ஜுரம். நாளைக்கு வந்துடுவா" என்றாள். வகுப்பு சிரித்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் என் பழைய வகுப்பும் சிரித்தது.

ஒன்றுமில்லாமல் போனாலும் போய்க் கேட்டுவிடுவது. கோமதி அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அது ஒன்றுதான். அதுவும் போன திங்கட்கிழமையிலிருந்துதான்.