எஞ்சின் ரூமில் ஒரு ஈயத்தாள்

இன்றைக்கு அவிசாவளையில் ஒரு கராஜைக் கடக்கும்போது மண்ணெண்ணெயில் கழுவிய இரும்பின் வாடை அடித்தது. தெஹியோவிட்டப் பக்கம் எங்கள் தோட்டத்து ரப்பர் பெக்டரியின் எஞ்சின் ரூம் ஞாபகம் வந்தது. கறுத்த சுவரும், ரப்பர் பாலின் புளிச்ச நாற்றமும், ஓடினால் நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளே அதிர்கிற அந்தக் கிழட்டு டீசல் எஞ்சினும்.

எஞ்சின் சரியில்லை, பெக்டரியை மூடப்போகிறோம் என்று ஆபீஸில் சொன்னார்கள். மூடினால் வேலையும் லயமும் போகும். அப்பாவும் மாமாவும் எஞ்சினை முழுசாகப் பிரித்துக் கோர்த்தார்கள். பல்சக்கரப் புள்ளிகள் நேராக நின்றும் கேம் சாப்ட் டைமிங்கை, வால்வு திறக்கிற நேரத்தை, அப்பா நம்பவில்லை. வால்வுக்கு மேலே சிகரெட் பெட்டி ஈயத்தாளைச் சொருகி இழுத்துக்கொண்டே இருந்தார். தாள் இறுகும்போதுதான் வால்வு திறக்கத் தொடங்கும், அது பெரிய சக்கரத்தில் இருக்கிற கோட்டோடு ஒத்துப்போக வேண்டும். சக்கரத்தை மாமா தள்ளினார்.

“மெதுவா மாப்ள! ஒங்கக்கா மாவாட்டுற மாதிரி சுத்தாத.”

“அக்கா வாசல்லதான் நிக்குது மச்சான், இன்னும் சத்தமா சொல்லுங்க.”

தாள் கோட்டிலேயே இறுகியது. எஞ்சின் ஓடியது, லயம் அதிர்ந்தது, அம்மா அழுதாள்.

அடுத்த மாதம், பால் போதவில்லை என்று சொல்லி மூடினார்கள். அன்றைக்கும் வாசலில் பால் வாளிகள் நிறைந்து நின்றன. எஞ்சின்தான் காரணம் என்ற புளுகை நம்பி அந்த இரண்டு பேரும் அவ்வளவு சுத்தமாக வேலை செய்தார்களே என்று இப்போதும் வயிறு எரிகிறது.